குற்றிக் கணக்கை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள்: வன்னியின் ஒருங்கிணைப்புக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

வவுனியா, முல்லைத்தீவு, மன்னார், கிளிநொச்சி மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக்களின் தலைவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வவுனியாவில் தச்சுப் பட்டறை நடத்துகிறேன். பைன் மரக்குற்றி, அதாவது அரியாத முழு மரத்துண்டு, இறக்குமதி பற்றிப் பேச்சு வந்தாலே மொரீசியஸை இழுக்கிறார்கள். அதுவும் தீவு, நாமும் தீவு, அங்கே இவ்வளவு இறங்குகிறது, இங்கே ஏன் இல்லை என்று கேட்கிறார்கள். அந்த ஒப்பீட்டை நம்பி எந்த முடிவுக்கும் போகவேண்டாம் என்று கேட்கத்தான் இந்த மடல்.

மொரீசியஸின் சனத்தொகை 13 லட்சத்துக்கும் குறைவு. நம்முடையது 2 கோடியைத் தாண்டியது. மொத்தக் கன மீற்றரை அருகருகே வைத்தால் ஒன்றும் விளங்காது, தலைக்கு எவ்வளவு என்று பிரிக்க வேண்டும். சரி, பிரித்தாலும் சிக்கல் தீராது. சுங்கத்தில் குற்றி 4403 என்ற தலைப்பிலும், அரிந்த பலகை 4407 என்ற தலைப்பிலும் பதிவாகின்றன. பூச்சி அரிக்காதபடி மருந்தேற்றிய மரக்கம்பங்கள் குற்றியோடுதான் சேரும். சின்னத் தீவுக்கு ஒரு வருடம் கப்பல் நிறையக் கம்பம் வந்தால் கணக்கு எகிறும், மறுவருடம் விழும். பலகையாகவே வாங்கும் நாட்டின் குற்றிக் கணக்கோ எப்போதும் சிறிதாகவே இருக்கும். ஒரு கன மீற்றர் பலகைக்கு ஏறக்குறைய இரண்டு கன மீற்றர் குற்றி போகும். அப்படி மாற்றிக் கூட்டிய பிறகுதான் ஒப்பிட முடியும்.

இன்னொன்று, மொரீசியஸ் தன் மேட்டு நிலங்களில் பைன் தோட்டம் போட்டு வெட்டுகிறது. நம் மலைநாட்டுப் பைன் நீரேந்து பகுதிகளைக் காக்கப் பெரும்பாலும் 1970களிலும் 80களிலும் நட்டது. இங்கே மரம் கூடுதலாக வருவது வீட்டுத்தோட்டங்களிலிருந்தும் இறப்பர் தோட்டங்களிலிருந்தும். இயற்கைக் காட்டில் மரம் தறிக்க 1990 முதல் தடை. இருந்தும் நம் காடுகளில் முதிரையும் பாலையும் களவாக விழுகின்றன. வெளிநாட்டு மரம் வேண்டும் என்பதில் எனக்கும் மறுபேச்சில்லை. இந்தக் காடு நின்றால்தான் நம் குளங்களில் தண்ணீர் நிற்கும்.

எந்தக் கணக்கிலும் ஏறாத பைனும் உண்டு. இயந்திரங்களையும் ஓடுகளையும் அடுக்கிக் கொண்டுவரும் தட்டான பலட் பலகை. கோதுமைக் கதிர் போன்ற முத்திரையும் எச்.டி. (HT) என்ற எழுத்தும் சுட்டிருக்கும். வெப்பத்தில் பூச்சி கொன்றதற்கான அடையாளம் அது. கொழும்பில் கழித்துவிட்டதை லொறியில் ஏற்றி வந்து, ஆணி பிடுங்கி, சீவி, மேசையும் அலுமாரியும் செய்கிறோம். சுங்கம் அதைப் பொருளின் பொதியாகத்தான் பார்க்கிறது, மரமாக அல்ல. வன்னித் தச்சர்களின் கைக்கு வரும் வெளிநாட்டுப் பைன் எவ்வளவு என்று எந்த அட்டவணையும் சொல்லாது. பட்டறைகளில் வந்து கேட்டால் தெரியும்.

குற்றியாக இறக்கினால் உள்ளூர் மரஆலைகளுக்கு அரிவு வேலை கிடைக்கும் என்பார்கள். அந்த வாதத்தைத் தட்டிக்கழிக்க எனக்கு மனமில்லை. ஆனால் பட்டையோடு வரும் குற்றி வண்டைக் கொண்டுவரும், அதற்குப் பூச்சி கொல்லும் புகையூட்ட வேண்டும். மருந்தேற்றிய கம்பத்தை அரிந்து பாருங்கள், வெளிவட்டம் பச்சை படிந்திருக்கும், நடுவயிரம் வெளுப்பாகவே கிடக்கும். அந்த வெளுப்பைக் கறையான் விடாது. இங்கே எனக்குத் தெரிந்த ஆலை எதிலும் மரம் உலர்த்தும் அறை இல்லை. உலர்த்தி, மருந்தேற்றி, அளவுக்கு அரிந்த பலகைதான் எங்களுக்கு உதவும்.

ஆகவே உங்களிடம் கேட்பது இதுதான். குற்றி, பலகை இரண்டையும் ஒரே அளவுக்கு மாற்றி, ஐந்தாறு வருடச் சராசரியாக, தலைக்கணக்கில் சுங்கத்திடமிருந்து வாங்குங்கள். 2022ஐத் தனியாக வையுங்கள். சில மாதங்களுக்குள் டொலர் 200 ரூபாயிலிருந்து 360க்குப் போன வருடத்தின் இறக்குமதியை வழமையான தேவையாக எடுக்க முடியாது. அப்புறம் நாலு மாவட்டத்துத் தச்சர்களையும் ஒருநாள் கூப்பிடுங்கள். எந்த அளவுப் பலகை, மாதத்துக்கு எவ்வளவு தேவை என்று நாங்களே எழுதித் தருகிறோம்.