சாம்பியன் பட்டியலில் மலைக்கும் இடம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த அமெரிக்க ஓப்பன் வீல் (சக்கரங்கள் மூடப்படாத) கார் பந்தய சாம்பியன்கள் பட்டியலைப் படித்தோம். தமிழில் இந்தப் பந்தயத்தைப் பற்றி எழுதுவோர் மிகக் குறைவு; அதற்காகவே நன்றி சொல்ல வேண்டும். ஆனால் அடிப்படையிலேயே ஒரு குழப்பம் இருக்கிறது. இண்டியானாபோலிஸ் 500 என்ற 500 மைல் பந்தயத்தில் ஜெயித்தவரையே அந்தந்த ஆண்டின் தேசிய சாம்பியன் என்று போட்டுவிட்டீர்கள். 500 என்பது மே மாதக் கடைசியில் நடக்கும் ஒற்றைப் பந்தயம். தேசியப் பட்டமோ ஆண்டு முழுக்க ஓடிச் சேர்க்கும் புள்ளிகளுக்குக் கிடைப்பது. 1963இல் 500ஐ வென்றவர் பார்னெல்லி ஜோன்ஸ், பட்டம் ஏ.ஜே. ஃபாய்ட்டுக்கு. 1965இல் ஜிம் கிளார்க்கும் 1966இல் கிரகாம் ஹில்லும் 500ஐ வென்றார்கள். அந்த இரண்டு ஆண்டும் பட்டம் மரியோ ஆண்ட்ரெட்டிக்குத்தான்.

இதை நீலகிரியிலிருந்து எழுதக் காரணம் உண்டு. 1965 முதல் 1969 வரை அந்தப் பட்டத்துக்கான பந்தயங்களில் ஒரு மலையேற்றக் கார் பந்தயமும் இருந்தது. கொலராடோ மாநிலத்தின் பைக்ஸ் பீக். நம் தொட்டபெட்டா உச்சி ஏறக்குறைய 8,650 அடி. அந்தப் பந்தயம் தொடங்கும் இடமே 9,390 அடி. 12.42 மைல் தூரத்தில் 156 வளைவுகள் ஏறி, 14,115 அடியில் முடிகிறது. கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகளை ஓட்டிப் பழகியவர்களுக்கு அதன் கடுமை புரியும். அந்தக் காலத்தில் அது தார் கிடையாது, முழுக்கச் சரளை மண். முழுப் பாதையும் தாரில் நடந்த முதல் பந்தயம் 2012இல்தான்.

1968 பட்டத்தைப் பாருங்கள். பாபி அன்சர் 4,330 புள்ளி, ஆண்ட்ரெட்டி 4,319. வெறும் 11 புள்ளி. முன்வரிசையில் ஓர் இடம் முன்பின் ஆகியிருந்தாலே கை மாறியிருக்கும் பட்டம் அது. அந்த ஆண்டு பைக்ஸ் பீக்கில் ஜெயித்தவர் பாபி அன்சர். வட்டத் தடங்களை மட்டும் வைத்துக் கதை சொன்னால் இந்த ஆண்டின் கணக்கு விளங்கவே விளங்காது.

1969 இன்னும் முக்கியம். 500இல் ஆண்ட்ரெட்டி ஓட்டுவதற்காகத் தயாரானது நான்கு சக்கர இழுவை கொண்ட லோட்டஸ் 64 கார். பயிற்சியில் அதன் பின்சக்கர ஹப் (சக்கரம் பூட்டும் நடுப்பாகம்) உடைந்து, சக்கரம் கழன்று, கார் சுவரில் மோதி எரிந்தது. அவருக்கு முகத்தில் தீக்காயம். பழைய மாற்று வண்டியான ஹாக்கை, டர்போ (காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் சாதனம்) பூட்டிய ஃபோர்டு எஞ்சினுடன், அவருடைய மெக்கானிக்குகள் கிளின்ட் பிரானரும் ஜிம் மெக்கீயும் தயார் செய்து கொடுத்தார்கள். அதில் சராசரி மணிக்கு 156.867 மைல் வேகத்தில் 500ஐ வென்றார். அடுத்த மாதமே பைக்ஸ் பீக்கையும், ஷெவர்லே வி-8 எஞ்சின் பொருத்திய வேறொரு வண்டியில், வென்றார். பிறகு நாசரேத், ஸ்பிரிங்ஃபீல்டு மண்தடங்கள், ரிவர்சைடு சாலைத் தடம் என்று அந்த ஆண்டில் மொத்தம் 9 வெற்றி. தார் வட்டம், மண் வட்டம், சாலைத் தடம், மலை: நான்கையும் ஒரே பருவத்தில் ஜெயித்த பட்டம். இதற்கு இணையான ஆண்டு அந்த வரலாற்றில் வேறில்லை என்பது எங்கள் துணிபு.

மலையில் என்ன சிக்கல் என்பதை நம் ஊர் மெக்கானிக்குகளுக்கு விளக்கத் தேவையில்லை. மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறோம். டர்போ இல்லாத எஞ்சின், உயரம் ஆயிரம் அடி கூடக் கூடச் சுமார் 3 சதவீத இழுவையை இழக்கும். ஊட்டிக்கு வரும்போதே ஐந்தில் ஒரு பங்கு போய்விடுகிறது. பைக்ஸ் பீக் உச்சியில் கிட்டத்தட்ட 40 சதவீதம் போகும். காற்று குறையும், எரிபொருள் குறையாது. காற்று-எரிபொருள் கலவை கெட்டியாகும், கறும்புகை தள்ளும், பிளக்கில் கரி படியும். சமவெளியிலிருந்து வரும் கார்புரேட்டர் வண்டிகளுக்கு இங்கே மெயின் ஜெட்டை, அதாவது எரிபொருள் பாயும் துளையை, சிறிதாக்குவது இதனால்தான்.

அந்தப் பந்தய எஞ்சின்களில் பரவலாக இருந்தது, கார்புரேட்டருக்குப் பதிலாக எரிபொருளைத் தெளிக்கும் ஹில்பார்ன் இன்ஜெக்‌ஷன். அதில் பம்ப் எஞ்சின் சுழற்சிக்கு ஏற்ப எரிபொருளைத் தள்ளும். மிஞ்சியது ஒரு சிறு ஜெட் வழியாக டேங்க்குக்கே திரும்பும். கலவையை மெலிதாக்க வேண்டுமானால் அந்தத் திரும்பும் ஜெட்டைப் பெரிதாக்க வேண்டும். கார்புரேட்டருக்குச் செய்வதற்கு நேர் எதிர். காற்றழுத்தத்தைப் பார்த்துத் தானே மாறிக்கொள்ளும் வசதி அதில் இல்லை. பன்னிரண்டு பதிமூன்று நிமிடத்தில் வண்டி நாலாயிரத்து எழுநூறு அடி ஏறிவிடும். உச்சிக்குத் தகுந்த ஜெட் போட்டால் கீழே கலவை மெலிந்து பிஸ்டன் உருகும். கீழே தகுந்ததைப் போட்டால் உச்சிக்கு முன்பே எஞ்சின் அமுங்கும். பிஸ்டனைக் காப்பாற்றச் சற்றுக் கெட்டியாக வைப்பதே வழி. இதற்குக் கைகொடுத்தது மெத்தனால். ஒரு கிலோ பெட்ரோல் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும், மெத்தனாலுக்கு 6.4 கிலோ போதும். கலவை சற்றுக் கெட்டியானாலும் அது பொறுத்துக்கொள்ளும், எஞ்சினையும் குளிர்விக்கும். ஆனால் பெட்ரோலைப் போல இரண்டு மடங்குக்கு மேல் ஊற்ற வேண்டும். பகல் வெளிச்சத்தில் அதன் தீ கண்ணுக்கே தெரியாது.

தடம் மாறினால் வண்டியும் மாறும் என்பதற்கு மண்தடம் இன்னொரு சாட்சி. அதற்கான வண்டியில் எஞ்சின் முன்னால், முன்னும் பின்னும் முழு ஆக்சில், ஸ்பிரிங்காக வேலை செய்யும் டார்ஷன் பார் கம்பி, ஓட்டுநர் நிமிர்ந்து உட்கார வேண்டும். வலப் பின்சக்கரத்தின் டயர் இடப் பின்சக்கரத்தைவிடச் சுற்றளவில் பெரியது. அதனால் வண்டி தானாகவே இடப்பக்கம் திரும்பப் பார்க்கும். இரு பக்கமும் வளையும் மலையில் அதே ஏற்பாடு எமன்.

1950களின் ரோட்ஸ்டர் என்ற தாழ்வான முன் எஞ்சின் வண்டி தார் வட்டத்துக்கென்றே பிறந்தது. ஃபிராங்க் கர்ட்டிஸ் எஞ்சினையும் டிரைவ் ஷாஃப்டையும் இடப்பக்கம் ஒதுக்கி, ஓட்டுநரை ஷாஃப்டுக்கு வலப்பக்கம் தாழ உட்கார வைத்தார். வளைவில் பாரம் வலப்பக்க டயர்களுக்குத்தான் சாயும். இடப்பக்கம் கூடுதல் எடை இருந்தால் நான்கு டயரும் உழைக்கும். இந்த வண்டியில் பில் வுகோவிச் 1953, 1954 இரண்டு முறையும் 500ஐ வென்றார். ஜார்ஜ் சாலி ஒரு படி மேலே போய் எஞ்சினையே பக்கவாட்டில் படுக்கவைத்தார். அந்த ஒரே கார் 1957இல் சாம் ஹேங்க்ஸையும் 1958இல் ஜிம்மி பிரையனையும் ஜெயிக்கவைத்தது. 1964இல் ஃபாய்ட் 13 பந்தயத்தில் 10ஐ வென்று பட்டம் பெற்றதும் முன் எஞ்சின் வண்டிகளின் உச்சம். அடுத்த ஆண்டு கிளார்க்கின் பின் எஞ்சின் லோட்டஸ் 38 வந்து, 500இல் அந்தக் காலத்தை முடித்துவைத்தது. பின் எஞ்சின் வண்டி எடை குறைவு, எரிபொருள் குறைவு, டயர் தேய்மானமும் குறைவு. 1963இலேயே ஜோன்ஸ் எரிபொருள், டயருக்காக மூன்று முறை பிட்டுக்குப் போனபோது கிளார்க்குக்கு ஒரு முறை போதுமாக இருந்தது.

எஞ்சினில் ஆஃபன்ஹாசருக்குத் தனி இடம் தர வேண்டும். நான்கு சிலிண்டர், இரட்டை கேம் ஷாஃப்ட். ஹெட்டும் பிளாக்கும் ஒரே வார்ப்பு. ஹெட் கேஸ்கெட்டே கிடையாது, அதனால் வெடிப்பதற்கும் ஒன்றுமில்லை. 1930களில் உருவான எஞ்சின், 1960களில் டர்போவின் அழுத்தத்தைத் தாங்கியதன் ரகசியம் அதுதான். விலையும் உண்டு: வால்வு கிரைண்ட் செய்ய வேண்டுமென்றால் பிளாக்கையே கழற்ற வேண்டும். 1968இல் பாபி அன்சர் ஈகிள் காரில் இந்த எஞ்சினோடுதான் 500ஐ வென்றார். 500இல் டர்போவுக்கு அதுவே முதல் வெற்றி. டர்போ முயற்சி அதற்கும் முந்தியது. 1952இல் கம்மின்ஸ் டீசல் கார் முதலிடத்திலிருந்து புறப்பட்டது. டர்போவின் காற்று வாயில் டயர் ரப்பர் துகள் அடைத்து நின்றுபோனது.

சின்னப் பாகம் பட்டத்தையே மாற்றும் என்பதற்கு 1967. ஜோன்ஸின் டர்பைன் (விமான வகை எஞ்சின்) கார் 500இல் மூன்று சுற்று மீதி இருக்கும்போது, முன்னணியில் ஓடிக்கொண்டே, கியர் பாக்ஸ் பேரிங் போய் நின்றது. ஃபாய்ட் வென்றார், அந்த ஆண்டுப் பட்டமும் அவருக்கே. அவருடைய 7 பட்டங்களையும் (1960, 61, 63, 64, 67, 75, 79) தாங்கள் தனியாக அச்சிட வேண்டும்.

1969க்குப் பிறகு மலையும், 1970க்குப் பிறகு மண்தடங்களும் பட்டத்திலிருந்து நீக்கப்பட்டன. அதற்குப் பின் வந்தவர்கள் குறைந்தவர்கள் அல்ல. ஆனால் அவர்கள் எழுதிய தேர்வு வேறு. 1971க்கும் 1972க்கும் இடையே வண்டியைத் தரையோடு அழுத்தும் பின்னிறக்கை அனுமதிக்கப்பட்டதால் 500இன் தகுதிச் சுற்று வேகம் 178.696இலிருந்து 195.940 மைலுக்குத் தாவியது. பிறகு காஸ்வொர்த் டிஎஃப்எக்ஸ் எஞ்சின் 1978 முதல் 1987 வரை தொடர்ந்து பத்து முறை 500ஐ வென்றது. இதையெல்லாம் ஓட்டுநர் பெயரை மட்டும் போட்டுச் சொல்ல முடியாது.

திருத்தம் வெளியிடும்போது இவற்றைக் கவனிக்க வேண்டுகிறோம். 1905, 1916, பிறகு 1920 முதல்தான் அந்தந்த ஆண்டிலேயே புள்ளி போட்டுப் பட்டம் தரப்பட்டது. தொடக்க காலத்தின் மற்ற ஆண்டுகளுக்குப் பிற்காலத்தில் கணக்கிட்டுச் சேர்த்தார்கள், அதை உடுக்குறியிட்டுக் காட்டுங்கள். 1979இல் இரண்டு அமைப்பு, இரண்டு சாம்பியன்: யுஎஸ்ஏசியில் ஃபாய்ட், கார்ட்டில் ரிக் மியர்ஸ். பந்தயம் இரண்டாகப் பிரிந்திருந்த 1996 முதல் 2007 வரையும் இரண்டு வரிசை வேண்டும்; ஒன்றில் மட்டும் போட்டால் 2003இல் ஸ்காட் டிக்சன் இருப்பார், பால் டிரேசி காணாமல் போவார். ஓட்டுநர் பெயருக்குப் பக்கத்தில் சேசிஸ், எஞ்சின், தலைமை மெக்கானிக் என்று மூன்று கட்டம் சேருங்கள். 1965 முதல் 1969 வரையிலான ஐந்து வரிகளில் பைக்ஸ் பீக் என்று ஒரு சொல்லையும் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
மோட்டார் பந்தய ஆர்வலர்கள் சிலர்,
குன்னூர், நீலகிரி மாவட்டம்.