ஆயுதம் இருந்த கல்லறையெல்லாம் போர்வீரனின் கல்லறையா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ரோமானிய ஆட்சிக்குப் பின் இங்கிலாந்தில் குடியேறிய ஜெர்மானிய மக்களான ஆங்கிலோ-சாக்சன்களின் கல்லறைகளைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையை மிகுந்த ஆர்வத்துடன் படித்தேன். கிழக்கு இங்கிலாந்தின் புகழ்பெற்ற புதைமேட்டுத் தொகுதியான சட்டன் ஹூவில் கிடைத்த தலைக்கவசத்தின் படத்தைப் பெரிதாக வெளியிட்டிருந்தது மகிழ்ச்சி அளித்தது. ஆனால், ஈட்டியோ கேடயமோ கிடைத்த கல்லறை அனைத்தும் போரில் மடிந்த வீரர்களுடையவை என்று கட்டுரையாளர் எழுதிச் செல்வதை என்னால் ஏற்க இயலவில்லை.

ஐந்தாம் நூற்றாண்டு முதல் ஏழாம் நூற்றாண்டு வரை அம்மக்களில் பலர் பொருட்களுடன் புதைக்கப்பட்டனர். இதைப் பற்றித் தொல்லியலாளர் ஹைன்ரிக் ஹார்கே 1990-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்; அவர் பார்த்த வயதுவந்த ஆண்களின் கல்லறைகளில் ஏறக்குறைய பாதியில் ஆயுதங்கள் இருந்தன. ஈட்டியே மிகுதி, அடுத்து கேடயம், வாள் அரிது. ஆயுதம் ஏந்தும் வயதை எட்டாத சிறுவர்களுக்கும், முதுகெலும்புக் குறையுடன் பிறந்து சண்டையிட இயலாதிருந்தவர்களுக்கும்கூட அவை வைக்கப்பட்டிருந்தன என்பதையும், போர்கள் நடந்ததாகப் பழைய ஆண்டுக்குறிப்புகள் சொல்லும் காலமும் ஆயுதக் கல்லறைகள் பெருகிய காலமும் பொருந்தவில்லை என்பதையும் அவர் எடுத்துக்காட்டினார். சில கல்லறைகளில் கேடயம் மட்டும் இருக்கிறது. அதை மட்டும் கொண்டு எவரும் களத்துக்குப் போயிருக்க மாட்டார்கள். அந்த ஆயுதங்கள் பெரும்பாலும் குடும்பத்தின் தகுதியையும் குலத்தையும் ஊரறியச் சொன்னவை என்றே நான் கருதுகிறேன்.

இறந்தவரை ஒரு கப்பலில் வைத்துப் புதைத்த, 1939-இல் அகழப்பட்ட சட்டன் ஹூ கப்பல் கல்லறையையே எடுத்துக்கொள்வோம். அமிலத்தன்மை கொண்ட மணல் உடலை முற்றிலும் கரைத்துவிட்டதால், அதில் இருந்தவர் எப்படி இறந்தார் என்று சொல்ல ஓர் எலும்புகூட எஞ்சவில்லை. அங்கே வாளுடன் யாழ் போன்ற நரம்புக் கருவியும், சீப்புகளும், காலணிகளும் இருந்தன. அதே இடத்தில் 1991-இல் தோண்டப்பட்ட, பதினேழாம் எண் இடப்பட்ட புதைமேட்டில், வாளும் ஈட்டிகளும் கேடயமும் வைக்கப்பட்ட ஓர் இளைஞனும், பக்கத்துக் குழியில் அவனுடைய குதிரையும் கிடைத்தனர். அவனுக்குச் சீப்பும், கொப்பரையும், வழிக்கு இறைச்சியும்கூட வைத்திருந்தார்கள். அவன் தலைவாரிக்கொள்வதைப் பற்றியும் பசியைப் பற்றியும் கவலைப்பட்டவர்கள் அங்கே இருந்திருக்கிறார்கள். கட்டுரையில் இவற்றுக்கு ஒரு வரிகூட இல்லாதது எனக்கு வருத்தம் தருகிறது.

பெண்களின் கல்லறைகளைப் பற்றியும் கட்டுரை நகை என்ற ஒரே சொல்லோடு முடித்துக்கொள்கிறது. தோள்களில் உடையைப் பிணைத்த வெண்கல ஊசிப்பதக்கங்களும், அவற்றுக்கிடையே கோத்த அம்பர், கண்ணாடி மணிகளும், இடுப்பில் தொங்கிய சாவி வடிவக் கொக்கிகளும் எந்த இடத்தில் எப்படிக் கிடந்தன என்பதை வைத்தே அவர்கள் உடுத்திய விதம் நமக்குத் தெரிகிறது. ஊசிப்பதக்கத்தின் பின்புறம் படிந்த உலோகக் களிம்பில், மட்கிப்போன துணியின் நெசவு இழைக்கு இழை பதிந்திருப்பது உண்டு. ஈட்டி முனையின் குழலுக்குள் துருவில் உறைந்த மரத்துணுக்கைக் கொண்டு கைப்பிடி எந்த மரம் என்றும் கண்டுபிடிக்கிறார்கள். மெருகேற்றுவதாக எண்ணி ஒருவர் அதைச் சுரண்டினால் இந்தச் சான்று அழிந்துவிடும். உலோகக் கண்டறிகருவியுடன் வயலில் இறங்கிக் கிடைத்ததைப் பிடுங்கி எடுத்தாலோ, அது யாருடைய கைக்கருகில் இருந்தது என்பதையே இழந்துவிடுவோம்.

ஆகவே, இனி இத்தகைய அகழாய்வுச் செய்திகளை வெளியிடும்போது, எலும்புகள் காட்டும் வயதையும் உடல்நிலையையும், பொருட்கள் கிடந்த இடத்தையும் சேர்த்து எழுதுமாறும், அவ்விவரங்கள் இல்லாதபோது புதைக்கப்பட்டவரைப் போர்வீரர் என்று தலைப்பிடாதிருக்குமாறும் தங்களை அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்