ஹேட் எங்கே வேணும், எங்கே வேண்டாம்

மார்த்தாண்டம்

அன்பு மக்களே,

பழகிப் பார்க்க நீ எழுதி அனுப்பின மாதிரி ரிப்போர்ட்டைப் படித்தேன். வரிக்கு வரி இங்கிலீஷ் 'ஹேட்' (had) கிடக்கிறது. முக்கால்வாசி வேண்டாதது. காரணம் நம்ம பேச்சுதான். "நேற்று நாகர்கோவில் போயிருந்தேன்" என்று நாம் சும்மா சொல்வோம். அதை அப்படியே "ஐ ஹேட் கான்" என்று எழுதிவிடுகிறாய். இங்கிலீஷில் அதற்கு "ஐ வென்ட்" போதும். 'ஹேட் கான்' என்றால், அதற்கப்புறம் என்ன நடந்தது என்று கேட்கிறவர் காத்திருப்பார். முடிந்துபோன இரண்டு காரியங்களில் எது முந்தி என்று காட்டத்தான் அந்த 'ஹேட்'.

உன் நர்ஸ் வேலையில் இதை லேசாக எடுக்காதே. "ஐ கேவ் த டேப்லட் வென் த பிரஷர் ஃபெல்" என்றால் பிரஷர் இறங்கியது, அதனால் மாத்திரை கொடுத்தாய். "ஐ ஹேட் கிவன் த டேப்லட் வென் த பிரஷர் ஃபெல்" என்றால் மாத்திரை முந்தி, பிரஷர் இறங்கினது பிந்தி. மாத்திரையால்தான் இறங்கியதோ என்று டாக்டர் யோசிப்பார். சந்தேகமாக இருந்தால் இரண்டுக்கும் மணியை எழுதிவிடு. 'பிஃபோர்', 'ஆஃப்டர்' இருக்கிற வாக்கியத்தில் எது முந்தி என்று அந்தச் சொல்லே காட்டிவிடும். பெரும்பாலும் 'ஹேட்' தேவைப்படாது.

இந்த 'ஹேட்'டுக்குப் பின்னால் வினையின் மூன்றாம் வடிவம்தான் வரும்: கான், சீன், டேக்கன். "ஹேட் வென்ட்" தப்பு. 'இருந்தது' என்று தனி வினையாக வரும் 'ஹேட்' வேறே; அதற்கு முன்னால் 'டிட் நாட்' வந்தால் 'ஹேவ்' ஆகிவிடும்: "ஷி டிட் நாட் ஹேவ் ஃபீவர்." "ஷி ஹேட் ஹேட் எ ஃபால்" என்று இரண்டு தடவை வந்தாலும் மிரளாதே; முதலாவது துணைவினை, இரண்டாவதுதான் வினை.

"ஐ ஹேட் டு கால் த டாக்டர்" என்றால் கூப்பிட வேண்டி வந்தது, கூப்பிட்டும் விட்டாய் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். கூப்பிடாமல் இருந்தால் இதை எழுதாதே.

'ஹேட் பெட்டர்' பார்க்க இறந்தகாலம் போல இருக்கும், ஆனால் இப்போது செய்ய வேண்டியதைச் சொல்வது. "யூ ஹேட் பெட்டர் சிட் டவுன்" என்பதில் உட்காராவிட்டால் வம்பு என்ற மிரட்டல் ஒட்டியிருக்கும். நோயாளியிடமும் சீனியர் சிஸ்டரிடமும் அது வேண்டாம் மக்களே. "ப்ளீஸ் சிட் டவுன்" என்றே சொல்.

அம்மா