ஒரு பிள்ளைக்கு இரண்டு கோடு விழுந்தால் அந்தத் தெருவையே பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

யானைக்கால் நோய்க்கான ரத்தச் சோதனைக்கு ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகளை மட்டும் அழைக்கும்போது, கை கால் நன்றாக இருக்கிற பிள்ளையை எதற்குக் குத்த வேண்டும் என்று பெற்றோர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. நின்று பதில் சொல்ல ஆள் இல்லாததால் பலர் பிள்ளையை அன்று பள்ளிக்கே அனுப்புவதில்லை.

பர்மாவில், கொசு பரப்பும் யானைக்கால் நோய்ப்புழுவுக்கான டி.இ.சி. (டை எத்தில் கார்பமசின்), அல்பெண்டசோல் மாத்திரைகளை ஆண்டுக்கொரு முறை ஊருக்கே கொடுக்கும் திட்டம் 2001இல் தொடங்கியது. முதிர்ந்த புழு உடம்பில் ஐந்தாறு ஆண்டு வாழும் என்பதால், பெரியவர் ரத்தத்தில் தென்படும் தொற்று பழையதா புதியதா என்று பிரிக்க முடியாது. மாத்திரை கொடுக்கத் தொடங்கிய பிறகு பிறந்த பிள்ளைக்குத் தொற்று இருந்தால் சந்தேகமே இல்லை, அங்கே கொசு இன்னும் நோயைப் பரப்புகிறது.

சோதனை சின்னதுதான். பகலிலேயே செய்யலாம். விரல் நுனியின் ஓரத்தை ஸ்பிரிட்டால் துடைத்து, காயவிட்டுக் குத்த வேண்டும். ஈரத்தோடு குத்தினால் ரத்தம் திரண்டு நிற்காமல் வழிந்துவிடும். தேவை 75 மைக்ரோலிட்டர். ரத்தம் எடுக்கும் மெல்லிய குழாயைப் படுக்கைவாட்டில் பிடித்தால் ரத்தம் தானே அளவுக்கோடு வரை ஏறும். அவசரத்தில் குழாயை அமுக்கினால் காற்றுக்குமிழி புகுந்து அளவு குறையும். ஸ்ட்ரிப்பில், அதாவது ரத்தம் விடும் சோதனைப் பட்டையில், ரத்தம் பாதியில் நின்று சோதனை செல்லாமல் போகும். முடிவைப் பத்தாவது நிமிடத்தில் பார்க்க வேண்டும்; இரண்டு கோடு விழுந்தால் பாசிட்டிவ், அதாவது தொற்று உண்டு. நேரம் கடந்து பார்த்தால் இல்லாத நோய்க்கும் இரண்டாவது கோடு தெரியும். ஒரே ஆள் வரிசையாகக் குத்திக்கொண்டே போகும் முகாமில் கெட்டுப்போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ஒவ்வொரு ஸ்ட்ரிப்புக்குப் பக்கத்திலும் தொடங்கிய நேரத்தைத் தட்டில் எழுதவும், பார்த்துச் சொல்லவும் தனி ஆள் வேண்டும். இரண்டாவது கோடு மங்கலாக இருந்தாலும் பாசிட்டிவ்தான். வகுப்பறை வெளிச்சத்தை நம்பாமல் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். பாசிட்டிவ் வந்தால் இன்னொரு ஸ்ட்ரிப்பில் உறுதி செய்ய வேண்டும்.

இனி எங்கள் கவலைக்கு வருகிறோம். பிள்ளைகளைச் சோதிக்கும் இந்தக் கணக்கெடுப்பு, பரவல் போதிய அளவு குறைந்துவிட்டதா, அதாவது மாவட்டத்துக்குத் தேர்ச்சியா இல்லையா என்று சொல்ல அமைந்தது. தெருவைப் பற்றி அது எதுவும் சொல்லாது. பெரிய மாவட்டத்தில் கொத்து முறையில் (சில பள்ளிகளை மட்டும் தேர்ந்தெடுத்து) 1,692 பிள்ளைகளைச் சோதித்தால், 20 பேர் வரை பாசிட்டிவ் வந்தாலும் மாவட்டம் தேறிவிடும். அந்த இருபது பேரும் பரவலாக இருந்தால் சரி. ஒரே சாக்கடையோரத்துப் பிள்ளைகளாக இருந்தால்? யானைக்கால் நோய் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லை என்று இலங்கைக்கு 2016இல் உலக சுகாதார நிறுவனம் சான்று அளித்தது. ஆனாலும் அந்நாட்டின் தெற்கே காலி என்ற மாவட்டத்தின் கரையோரத்தில் தொற்று விடாமல் ஒட்டிக்கொண்டிருந்தது.

யாங்கூனிலேயே (பழைய ரங்கூன்) இதற்கு ஆதாரம் இருக்கிறது. 1960களில் இங்கே இயங்கிய உலக சுகாதார நிறுவனத்தின் ஆராய்ச்சிக் குழு போட்ட கணக்குப்படி, ஒருவர் ரத்தத்தில் நுண்புழு (முதிர்ந்த புழு ஈனும் குஞ்சு) தென்பட, நோய்ப்புழு உள்ள கொசுக்கள் சுமார் 15,500 முறை கடிக்க வேண்டும். ஒரு பிள்ளைக்குத் தொற்றிவிட்டது என்றால், அதே கூரையின் கீழ் தூங்கும் எல்லோரையும் அந்தக் கொசுக்கள் மாதக்கணக்காகக் கடித்துக்கொண்டிருக்கின்றன. ஆகவே பிள்ளைக்கு மாத்திரை கொடுத்துப் பெயரை ஏட்டில் எழுதி மூடிவிடக் கூடாது. வீட்டில் உள்ளவர்களையும் அக்கம்பக்கத்து வீடுகளையும் ஸ்ட்ரிப்பால் சோதிக்க வேண்டும். பாசிட்டிவ் ஆனவர்களுக்கு இரவு பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் இடையில் கண்ணாடித் தகட்டில் ரத்தம் எடுக்க வேண்டும்; நுண்புழு தோலோரத்து ரத்தத்துக்கு வருவது அந்த நேரத்தில்தான். பெரு நாட்டின் அரெகிப்பாவில், ரத்தம் குடிக்கும் பூச்சி பரப்பும் சாகஸ் நோய்க்கு இப்படி வழி கண்டார்கள். அந்த நோய் நம் ஊரில் பரவுவதில்லை, ஆனால் முறை நமக்கும் பொருந்தும். மருந்து தெளிக்கப் போனவர்கள் எந்த வீட்டில் எவ்வளவு பூச்சி கண்டார்கள் என்ற பதிவையும், தொற்று தெரிந்த பிள்ளையின் வீட்டையும் வைத்து, அடுத்து எந்த வீட்டுப் பிள்ளைகளைச் சோதிப்பது என்று ஆராய்ந்தார்கள்.

மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுங்கள். டி.இ.சி. கிலோவுக்கு 6 மில்லிகிராம், 20 கிலோ பிள்ளைக்கு 120. கூடவே அல்பெண்டசோல் 400. இரவில் காய்ச்சல், தலைவலி வரலாம். பெரும்பாலும் அது நுண்புழு சாவதால் வருவது, மாத்திரை கெட்டது என்று பயப்பட வேண்டாம். இரண்டு வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கொடுக்கக் கூடாது. மருந்துக்குப் பிறகும் ஸ்ட்ரிப்பில் நெடுநாள் கோடு விழலாம்.

டெங்கிக்காக அடிக்கும் புகை இதற்கு உதவாது. இந்தக் கொசு இரவில் கடிப்பது, பின்சந்துச் சாக்கடையிலும் மலக்குழியிலும் வளர்வது. மலக்குழியின் காற்றுக்குழாய் வாயில் வலைத்துணி கட்டி, மூடியின் விரிசலைச் சிமெண்டால் அடைத்தாலே வீட்டுக்குள் வரும் கொசு குறையும்.

யாங்கூன், பெகு, மோல்மேன் பக்கத்துக் கோயில் நிர்வாகங்களுக்கும் தமிழ் வகுப்பு நடத்துவோருக்கும் ஒரு வேண்டுகோள். பள்ளிப் பதிவேட்டில் இல்லாத ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகளின் பட்டியலைச் சோதனைக் குழு வருமுன் தயார் செய்து கொடுங்கள். வேலை தேடி ஊர் மாறும் குடும்பத்துப் பிள்ளைகள்தான் அதிகம் விடுபடுகிறார்கள். இரவில் ரத்தம் எடுக்க வருகிறவர்களோடு தெருவில் தெரிந்த ஒருவர் கூட நடந்தால் கதவு திறக்கும்.

இப்படிக்கு,
கொசுவழி நோய்த் தடுப்புப் பணியாளர்கள் சிலர்,
யாங்கூன்