மழை தானாக எண்ணெய் கொண்டுவராது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் ஊர் ஊரணித் தண்ணீரில் எண்ணெய் மிதந்த செய்தியைத் தங்கள் இதழில் படித்தேன். "கனமழை காரணமாக ஆலை வளாகத்தில் இருந்த சிறிதளவு எண்ணெய் ஊரணியில் கலந்தது, பொதுமக்கள் அச்சப்படத் தேவையில்லை" என்று முடித்திருந்தீர்கள். அந்த வரியைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. என் அப்பா காலத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வருகிற இதழ் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

மழையின் மேல் பழியைப் போட்டால் யாருக்கும் சங்கடம் இல்லை. மழைக்கு நோட்டீஸ் அனுப்ப முடியாது, அபராதம் போட முடியாது. ஆனால் நான் வேலை பார்த்த காலமெல்லாம் கடலோர ஆலை ஒன்றின் எண்ணெய்த் தொட்டிகளுக்கு நடுவில்தான் கழிந்தது. அங்கேயும் ஐப்பசி கார்த்திகையில் மழை கொட்டும், புயலும் வரும். எண்ணெய் வெளியே போகாது. ஒவ்வொரு தொட்டியையும் சுற்றி டைக் என்று ஒரு தடுப்புச் சுவர் இருக்கும். இருப்பதில் பெரிய தொட்டி முழுசாக உடைந்து கொட்டினாலும் அவ்வளவையும் தாங்கி, மழைநீருக்கும் இடம் இருக்கும்படி கட்டுவார்கள். நூறு லிட்டர் தொட்டி என்றால் நூற்றுப் பத்து லிட்டர் பிடிக்க வேண்டும் என்பது எங்களுக்கு முதலில் சொல்லித் தந்த பாடம். சுவரின் அடியில் மழைநீரை வெளியேற்ற ஒரு டிரெயின் வால்வு இருக்கும், அது எப்போதும் மூடிப் பூட்டியே கிடக்கும். மழை விட்டதும் சூப்பர்வைசர் வந்து, தேங்கிய தண்ணீரில் எண்ணெய்ப் படலம் இருக்கிறதா என்று பார்த்து, நோட்டில் நேரம் போட்டுக் கையெழுத்து வைத்த பிறகுதான் திறப்போம். திறந்தவன் அங்கேயே நின்று மூடிவிட்டுத்தான் நகர வேண்டும். இதில் என்ன பெரிய விஞ்ஞானம் இருக்கிறது? ஒரு சுவர், ஒரு பூட்டு, ஒரு நோட்டு.

தாங்கள் எழுதிய அந்த ஆலையின் பின்பக்கம் வழியாகத்தான் நான் தினமும் நடந்து போகிறேன். பெயரை நான் எழுதவில்லை, தங்கள் நிருபருக்கே தெரியும். ஜெனரேட்டரில் மாற்றிய கழிவு ஆயில் பேரல்கள் வெறுந்தரையில் படுக்க வைத்துக் கிடக்கின்றன. அடியில் தட்டு கிடையாது, மேலே கூரை கிடையாது. காம்பவுண்டு சுவரின் அடியில் மழைநீர் போவதற்கு விட்ட ஓட்டையைச் சுற்றி ஒரு முழ அகலத்துக்குச் சிமெண்டு கறுத்துப் போயிருக்கிறது. விரலால் தொட்டால் பிசுபிசுக்கிறது. ஓட்டைக்கு நேர் கீழே செம்மண் கட்டி தட்டி, ஒரு புல்கூட முளைக்காமல் கிடக்கிறது. ஒரு மழையில் வருகிற கறுப்பா அது? நிருபர் ஆலை அலுவலகத்தில் கேட்டதை எழுதினார். சுவருக்கு இந்தப் பக்கம் வந்து ஒரு தடவை குனிந்து பார்த்திருக்கலாம்.

செய்தி வந்த அன்று சாயங்காலம் நடந்ததையும் சொல்ல வேண்டும். வளாகத்தில் சோப்புத் தூளைக் கொட்டி, ஓஸ் பிடித்துக் கழுவிவிட்டார்கள். நுரை நுரையாக அதே ஓட்டை வழியே வாய்க்காலுக்குத்தான் போனது. சோப்பு எண்ணெயை அழிக்காது ஐயா. பொடிப் பொடித் துளியாக உடைத்துத் தண்ணீருக்குள் கலந்துவிடும். மேலே மிதந்தபோதாவது மரத்தூளோ மணலோ போட்டு ஒற்றி அள்ளியிருக்கலாம். கலந்த பிறகு எதை அள்ளுவது? மறுநாள் தண்ணீர் சுத்தமாகத் தெரிந்தது. தாங்களும் "நிலைமை சீரடைந்தது" என்று எழுதினீர்கள்.

"சிறிதளவு" என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. தண்ணீரில் வானவில் நிறம் தெரிவதற்கு ஒரு மைக்ரானில் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மூன்றில் ஒரு பங்கு கனத்துக்குப் படலம் இருந்தாலே போதும். அந்தக் கனத்தில் ஒரே ஒரு லிட்டர் ஆயில் சுமார் முக்கால் ஏக்கர் தண்ணீரை மூடிவிடும். அரசு விதித்த அளவைப் பார்த்தாலும் இதே கதைதான். ஆலைக் கழிவுநீரை ஆறு, குளம் போன்ற நீர்நிலைகளில் விட வேண்டுமானால், எண்ணெயும் பிசுக்கும் லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது. பத்தாயிரம் லிட்டர் தண்ணீர் லாரியில் நூறு கிராம்! அப்படியிருக்க எந்தத் தராசில் நிறுத்துச் சிறிதளவு என்று எழுதினார்கள்?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் போய் எண்ணூர்க் கழிமுகத்தை நாசமாக்கியதைத் தாங்களும் எழுதினீர்கள். கொசஸ்தலை ஆற்றில் மீனவர்கள் வாளியும் மக்குமாகத் தார் போன்ற எண்ணெயை அள்ளிய படத்தைப் பெரிதாகப் போட்டீர்கள். 2017 ஜனவரியில் எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதியபோதும் வாளிதான். கடலில் நடந்தால் முதல் பக்கம், கண்மாயிலும் ஊரணியிலும் நடந்தால் ஒரு வரி. அங்கே அலை இருக்கிறது, ஆறு வந்து விழுகிறது. எங்கள் ஊரணிக்கு வந்தது வந்ததுதான், வெயிலில் வற்றும்வரை அங்கேயேதான் கிடக்கும்.

செட்டிநாட்டு ஊரணிகளைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் எத்தனை கட்டுரை வந்திருக்கிறது! வீட்டு முற்றத்தில் விழுந்த மழையும் தெருவில் ஓடிய மழையும் வாய்க்கால் வழியே ஊரணிக்குச் சேரும்படி முன்னோர் கட்டினார்கள் என்று புகழ்ந்தீர்கள். செட்டிநாட்டுக் கிராமங்கள் 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் சேர்ந்ததையும் கொண்டாடினீர்கள். சந்தோஷம்தான். ஆனால் அந்த வரத்துக்கால் ஓரத்தில் இன்று என்ன இருக்கிறது என்று ஒரு கட்டுரையாவது வந்ததா? தெருவில் விழுகிற ஒவ்வொரு சொட்டும் ஊரணிக்கு வரும்படி கட்டிய ஊரில், தெருவில் கொட்டுகிற ஒவ்வொரு சொட்டு ஆயிலும் ஊரணிக்குத்தானே வரும்? காலால் மிதித்து இறங்கினாலே ஊரார் சத்தம் போடுகிற குடிதண்ணீர் ஊரணிகள் இருந்த ஊர் இது. இன்று ஒர்க்ஷாப்பில் வண்டி ஆயிலை மாற்றிவிட்டு, புழுதி அடங்கட்டும் என்று வாசலிலேயே ஊற்றுகிறார்கள். சென்டரிங் பலகைக்கு அடிக்க மிச்சத்தை வாங்கிப் போகிறார்கள். யாரும் தடுப்பதில்லை.

குறைதீர்க்கும் நாளில் வரிசையில் நின்று மனுக் கொடுத்தேன். "உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டது" என்று பதில் வந்தது. என்ன நடவடிக்கை என்று கேட்டு மறுபடி எழுதியதற்கு, முதல் பதிலின் நகலையே அனுப்பினார்கள். அப்புறம் தங்களுக்கு எழுதினேன். தடுப்புச் சுவர் பற்றிச் சொன்னதையெல்லாம் வெட்டிவிட்டு, "ஊரணியைச் சுத்தம் செய்ய வேண்டும்" என்ற வரியை மட்டும் போட்டீர்கள். நான் கேட்டது அது இல்லை. ஊரணிக்கு அழுக்கு வராமல் தடுப்பதைத்தான் கேட்டேன்.

இதற்குப் புதிதாகச் சட்டம் எதுவும் வேண்டியதில்லை. 2016ஆம் ஆண்டு அபாயகரக் கழிவு விதிகளின்படி கழிவு ஆயில் அபாயகரமான கழிவு. 90 நாளுக்கு மேல் வைத்திருக்கக்கூடாது, அங்கீகாரம் பெற்றவர்களிடம்தான் கொடுக்க வேண்டும், கொடுத்ததற்குக் கணக்கும் ரசீதும் இருக்க வேண்டும். 1974ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 31ஆம் பிரிவு, இப்படி எதிர்பாராமல் ஏதாவது நீர்நிலையில் கலந்தால் ஆலைப் பொறுப்பாளர் உடனே மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. தெரிவித்தார்களா என்று நிருபர் கேட்டாரா? அமெரிக்காவில் 1970களிலிருந்தே, தரைக்கு மேல் சுமார் 5,000 லிட்டருக்கு மேல் எண்ணெய் வைத்திருக்கும் இடத்திலிருந்து நீர்நிலைக்குக் கசிய வாய்ப்பு இருந்தால், தடுப்புத் திட்டத்தை முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். கசிந்த பிறகு துடைப்பதைப் பற்றிய விதி மட்டும் இல்லை அது, கசியாமல் இருப்பதற்கான விதி.

செலவு அதிகம் என்று சிறு ஆலைக்காரர்கள் சொல்வார்கள். புதுவயல் பக்கம் அரிசி ஆலை நடத்துகிற என் சொந்தக்காரர்களும் அதையே சொன்னார்கள். ஒரு கொத்தனாரை வைத்துக் கட்டக்கூடிய வேலைதான். பேரல் வைக்கிற இடத்துக்குச் சிமெண்டுத் தரை, சுற்றிலும் முழங்கால் உயரச் சுவர், மேலே தகரக் கூரை. தண்ணீர் வெளியேறும் இடத்தில் இரண்டு அறைத் தொட்டி. முதல் அறையிலிருந்து இரண்டாவதுக்குப் போகிற குழாயின் வாயில் எல்போ என்கிற வளைந்த குழாய்த் துண்டு ஒன்றைக் கீழ்நோக்கி மாட்டிவிட்டால், அடித் தண்ணீர் மட்டும் போகும், ஆயில் மேலேயே நின்றுவிடும். நின்றதை அவ்வப்போது அள்ளி பேரலில் ஊற்ற வேண்டும். அள்ளாமல் விட்டால் கட்டியும் பிரயோசனம் இல்லை. நான் வரைந்து கொடுத்தேன், அவர்கள் கட்டிவிட்டார்கள். அந்த வாய்க்காலில் இப்போது படலம் தெரிவதில்லை.

புரட்டாசி முடியப் போகிறது. பெருமழைக்கு முன் தங்களிடம் கேட்பது இவ்வளவுதான். கழிவு ஆயிலை வாங்க அங்கீகாரம் பெற்றவர்களின் பட்டியலை மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்திடம் கேட்டு வாங்கி, நம் மாவட்டத்துக்கு அருகில் இருப்பவர்களின் முகவரியை ஒரு கட்டம் போட்டு வெளியிடுங்கள். அந்தக் கட்டத்துக்குப் பக்கத்திலேயே, எண்ணெய் கசிந்தால் எந்த எண்ணில் புகார் சொல்வது என்பதையும் போடுங்கள். ஞாயிற்றுக்கிழமைப் பதிப்பில் வந்தால் ஒர்க்ஷாப்காரர்கள் கண்ணிலும் படும். இடம் போதவில்லையென்றால் என் கடிதத்தை வெட்டிக்கொள்ளுங்கள், அந்தக் கட்டத்தை வெட்ட வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
காரைக்குடி வட்டம்