மனநோய்ச் சிகிச்சைக்குத் துணையாக யோகம்: டர்பன் வட்டாரத் தமிழ்க் கோயில் நிர்வாகக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

டர்பன், சாட்ஸ்வர்த், பீனிக்ஸ், மெரிபேங்க், வெருலம், டொங்காட் ஆகிய இடங்களிலுள்ள தமிழ்க் கோயில்களின் நிர்வாகக் குழுவினருக்கும், அங்கே யோகம் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கும்,

மதிப்பிற்குரிய பெரியோர்களே, சகோதர சகோதரிகளே, வணக்கம்.

உங்கள் கோயில் மண்டபங்களில் பல, திருமணமும் திருவிழாவும் இல்லாத நாள்களில் பூட்டியே கிடக்கின்றன. மனநோய்க்காக அரசுக் கிளினிக்குகளில் மருந்து பெற்றுவருபவர்களுக்கென்று அம்மண்டபங்களில் வாரம் இரு முறையாவது இலவச யோக வகுப்பு நடத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன். கேட்கும்போதே ஒரு நிபந்தனையையும் முன்வைக்கிறேன். வகுப்புக்கு வரும் எவரும் அதன் காரணமாக ஒரு மாத்திரையைக்கூட நிறுத்திவிடக் கூடாது. இந்த நிபந்தனையை ஏற்க இயலாத குழு, வகுப்பைத் தொடங்காமலிருப்பதே நோயாளிகளுக்குச் செய்யும் நன்மை.

தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் மாகாணத்து அரசு மருத்துவமனைகளில் மனநலச் செவிலியாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். 2002ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, தன் விருப்பமின்றி அழைத்துவரப்படும் நோயாளியை 72 மணி நேரம் கண்காணித்த பிறகே, மனநல மருத்துவமனைக்கு அனுப்புவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று முடிவு செய்கிறார்கள். வீட்டுக்குத் திரும்புபவரின் கையில் மாத்திரைகளும், அடுத்த முறை கிளினிக்குக்கு வரவேண்டிய தேதி குறித்த அட்டையும் இருக்கும். அந்தத் தேதி வரும்வரை பெரும்பாலும் அவரை யாரும் வந்து பார்ப்பதில்லை. காலையில் எழுந்தாரா, குளித்தாரா, யாரிடமாவது இரண்டு வார்த்தை பேசினாரா என்பதெல்லாம் தாய்க்கோ மனைவிக்கோ மட்டுமே தெரிந்த செய்திகளாகிவிடுகின்றன.

இது என் வார்டில் மட்டும் கண்ட நிலை என்று நினைக்க வேண்டாம். 2016-17 நிதியாண்டில் நம் அரசு மனநலத்துக்குச் செய்த செலவை ஆராய்ந்து 2019இல் வெளிவந்த ஆய்வு, அச்செலவில் 86 விழுக்காடு உள்நோயாளிகளின் பராமரிப்புக்கே போகிறது என்றும், மருத்துவமனையில் இருந்து சென்றவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் மூன்று மாதத்துக்குள் மறுபடியும் சேர்க்கப்படுகிறார் என்றும் காட்டியது. மருத்துவக் காப்பீடு இல்லாத ஒரு லட்சம் பேருக்கு அரசுத் துறையில் 0.31 மனநல மருத்துவர்களே இருந்தனர். மூன்று லட்சம் பேருக்கு ஒருவர் என்று அதைப் புரிந்துகொள்ளலாம். அதற்கும் முன்பு, 2002 முதல் 2004 வரை நாடு தழுவி நடந்த கணக்கெடுப்பில், முந்தைய ஓராண்டில் மனநோய் இருந்தவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவரே ஏதேனும் ஒரு சிகிச்சையை நாடியிருந்தார். ஆகவே குறை இருப்பது மருத்துவமனைச் சுவருக்கு வெளியே, நம் வீடுகளுக்கும் கிளினிக்குக்கும் இடைப்பட்ட அந்த நாள்களில். நம் கோயில்கள் இருப்பதும் அங்கேதான்.

யோகம் மனநோய்க்கு உண்மையில் உதவுமா என்று உங்களில் சிலர் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். பெங்களூருவிலுள்ள தேசிய மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸின் மருத்துவர்கள் இக்கேள்வியை நெடுங்காலமாக ஆராய்ந்துவருகிறார்கள். இல்லாத குரல்கள் காதில் கேட்பது போன்ற குறிகளுடைய மனச்சிதைவு நோய்க்கு (ஸ்கிசோஃப்ரினியா) மருந்து எடுத்துவந்த 61 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு யோகமும் மற்றதற்கு உடற்பயிற்சியும் கற்பித்து, நான்கு மாதம் கழித்து ஒப்பிட்ட ஆய்வு 2007இல் வெளிவந்தது. யோகப் பிரிவினரிடம் நோய்க்குறிகள் கூடுதலாகக் குறைந்திருந்தன. பிறரோடு பழகுவதிலும் வேலை செய்வதிலும் அவர்கள் முன்னேறியிருந்தனர். அந்த ஆய்வில் யோகம் மருந்தின் மேல் சேர்த்துத் தரப்பட்ட ஒன்று என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. வன்முறைக்கு ஆளாகி, அதன் அதிர்ச்சியிலிருந்து ஆண்டுக்கணக்கில் மீள முடியாத பெண்கள் 64 பேரைக் கொண்டு அமெரிக்காவில் நடந்து, 2014இல் வெளியான ஆய்வையும் குறிப்பிட வேண்டும். பத்து வாரம் யோகம் பயின்ற பிரிவில் 52 விழுக்காட்டினருக்கு, அந்த அதிர்ச்சி நோயின் (PTSD) இலக்கணம் அதன்பின் பொருந்தவில்லை. யோகத்துக்குப் பதிலாக உடல்நலக் கல்வி பெற்ற பிரிவில் அந்த அளவு 21 விழுக்காடுதான். பெண்கள் மீதான வன்முறை இவ்வளவு மலிந்த நம் நாட்டில் அந்த எண்களை என்னால் எளிதாகக் கடந்துசெல்ல முடியவில்லை.

அதே நேர்மையோடு மறுபக்கத்தையும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். பதற்ற நோயுள்ள 226 பேரிடம் நடந்து 2021இல் அச்சான அமெரிக்க ஆய்வில், யோகம் பயின்றவர்களில் 54 விழுக்காட்டினர் தேறினார்கள். வெறும் விளக்க வகுப்பு பெற்றவர்களில் தேறியவர்கள் 33 விழுக்காட்டினர். ஆனால், எண்ணங்களையும் நடத்தையையும் சீர்செய்யும் பேச்சுச் சிகிச்சை பெற்றவர்களில் 71 விழுக்காட்டினர் தேறினார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது அச்சிகிச்சையின் பலன் நிலைத்திருந்தது. விளக்க வகுப்பைவிட யோகம் மேலானது என்பது அப்போது உறுதியாகத் தெரியவில்லை. மனச்சிதைவுக்கு யோகம் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் மதிப்பிட்ட, காக்ரேன் என்ற பன்னாட்டு மருத்துவச் சான்று ஆய்வமைப்பின் அறிக்கையும், ஆய்வுகள் சிறியவை, சான்றின் தரம் குறைவு என்றே கூறியது. இவற்றையெல்லாம் படித்த பிறகும் நான் யோகத்தைப் பரிந்துரைக்கிறேன். துணைச் சிகிச்சை என்ற இடத்தில் வைத்தால் அது தன் வேலையைச் செய்யும் என்று நம்புகிறேன். அந்த இடத்தை விட்டு நகர்த்தினால் கேடு விளையும் என்று அஞ்சுகிறேன்.

துணை என்று நான் சொல்வது எதை என்றால், மாத்திரை காதில் கேட்கும் குரல்களை அடக்கும். ஆனால் படுக்கையை விட்டு எழ மனமில்லாமை, யாரையும் காண விரும்பாமை, எதிலும் ஆசையற்றுப்போதல் ஆகியவற்றை அது அவ்வளவாகத் தொடுவதில்லை. செவ்வாய் மாலை ஐந்து மணிக்கு மண்டபத்தில் நம்மை எதிர்பார்த்து ஒருவர் இருக்கிறார் என்ற நினைவு, அப்படிப்பட்டவரை எழுந்து முகம் கழுவ வைக்கும். அடுத்தது உடல். மனச்சிதைவுக்குத் தரப்படும் ஓலான்சபின், குளோசபின் போன்ற மருந்துகள் எடையைக் கூட்டுகின்றன, சர்க்கரை நோய்க்கு வழிவகுக்கின்றன. அந்நோய் ஏற்கெனவே வீட்டுக்கு வீடு இருக்கும் நம் சமூகத்தில் இது சிறிய சங்கதியன்று. எடை கூடுவதாலேயே பல இளைஞர்கள் மாத்திரையை ஒளித்து வைத்துவிடுகிறார்கள். உடலை அசைக்கப் பழகியவர் மருந்தையும் தொடர்ந்து எடுப்பதற்கு ஒரு காரணம் பெறுகிறார்.

ஜூன் 21 அன்று டர்பன் கடற்கரையில் யோக தினத்துக்குக் கூடுகிற கூட்டத்தைப் பார்த்து மகிழ்பவர்களில் நானும் ஒருத்தி. ஆனால் நான் பராமரித்தவர்கள் அங்கே வருவதில்லை. டாக்சிக் கட்டணம் ஒரு தடை; கூட்டத்தைக் கண்டாலே எழும் அச்சம் இன்னொரு தடை. அவர்களுக்கு வேண்டியது, நடந்து வரும் தூரத்தில், பத்துப் பேருக்கு மேற்படாத ஒரு சிறிய வகுப்பு.

இனி, கேடு பற்றி. மிகை உற்சாகமும் ஆழ்ந்த சோர்வும் மாறி மாறி வரும் இருமுனை மனநோய்க்கு லித்தியம் என்ற மருந்தை எடுத்துவந்த ஓர் இளைஞரிடம், வகுப்பு நடத்திய ஒருவர், மாத்திரை என்பது நஞ்சு, மூச்சுப் பயிற்சியே போதும் என்று சொல்லிவிட்டார். நம்பிக்கையோடு மருந்தை நிறுத்திய அந்த இளைஞர் சில வாரங்களில் தூக்கத்தை முற்றிலும் இழந்து, வீட்டுப் பொருள்களைத் தானம் செய்யத் தொடங்கி, கடைசியில் போலீஸ் வண்டியில் எங்கள் வார்டுக்கு வந்து சேர்ந்தார். அவருடைய தாயார் என்னிடம் கேட்ட கேள்வி, "கோயிலில் சொன்னது எப்படியம்மா தப்பாகும்?" என்பது. உங்கள் மண்டபத்தில் ஒலிக்கும் ஒவ்வொரு சொல்லுக்கும் மக்கள் தரும் எடை அவ்வளவு. நம் நாட்டில் ஆயுர்வேதத்தையும் ஹோமியோபதியையும் பதிவுசெய்யும் அரசுச் சட்டமுறை அமைப்பு உண்டு. யோக சிகிச்சை அப்பட்டியலில் இல்லை. யார் வேண்டுமானாலும் தம்மை யோக சிகிச்சையாளர் என்று அழைத்துக்கொள்ளலாம் என்பதால், ஆசிரியரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு முழுவதும் உங்கள் மேல் விழுகிறது.

ஆசிரியர்களுக்கும் சில வார்த்தைகள். கபாலபாதி, பஸ்திரிகா போன்ற வேகமான மூச்சுப் பயிற்சிகளையும், கண்ணை மூடி நெடுநேரம் அமரும் தியானத்தையும் மனச்சிதைவோ இருமுனை நோயோ உள்ளவர்களுக்குக் கற்பிக்க வேண்டாம். தீவிரத் தியானத்தைத் தொடர்ந்து நோய் கிளம்பியதாக மருத்துவப் பதிவுகள் உண்டு. மென்மையான ஆசனங்களும், இயல்பான மெதுவான மூச்சும் போதும். லித்தியம் எடுப்பவர் உடலில் நீர் வற்றினால் இரத்தத்தில் மருந்தின் அளவு ஏறி நஞ்சாகிவிடும் என்பதால், பிப்ரவரி வெக்கையில் சன்னலைத் திறந்து வைத்து, இடையிடையே தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள். சில மருந்துகள் எழுந்து நிற்கும்போது தலைசுற்றலை உண்டாக்கும். குனிந்து நிமிரும் ஆசனங்களில் அவசரம் கூடாது. வன்முறைக்கு ஆளான பெண்ணின் முதுகில், அவர் அனுமதியின்றி, ஆசனத்தைத் திருத்துவதற்காகக்கூடக் கை வைக்காதீர்கள். விளக்கை அணைக்காதீர்கள், கதவைத் தாழிடாதீர்கள்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். வகுப்பு நடத்துவது வேறு, நோயாளிகளைத் தங்கவைப்பது வேறு. 2001 ஆகஸ்ட் 6 அன்று தமிழ்நாட்டின் ஏர்வாடியில், வழிபாட்டுத் தலத்தை நம்பி வந்தவர்களை அடைத்துவைத்திருந்த ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பற்றி, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் மாண்டார்கள். நம் நாட்டிலேயே கௌட்டெங் மாகாணத்தில், மனநோயாளிகளை நெடுங்காலம் தங்கவைத்துப் பராமரித்த லைஃப் எசிடிமேனி நிலையங்களிலிருந்து 2016இல் தகுதியற்ற தொண்டு நிறுவனங்களுக்கு மாற்றப்பட்ட நோயாளிகளில் 144 பேர் இறந்தார்கள். நல்லெண்ணத்தால் மட்டும் மனநோயாளியைப் பராமரித்துவிட முடியாது. "இங்கேயே சில நாள் வைத்துக்கொள்ளுங்கள்" என்று குடும்பத்தார் கெஞ்சினாலும் மறுத்து, கிளினிக்குக்கு உடன் சென்று உதவுங்கள். திருஷ்டி கழிப்பதையும் நேர்த்திக்கடன் செலுத்துவதையும் நான் குறை கூறவில்லை. ஒடிந்துபோன குடும்பங்களுக்குக் காவடி தரும் வலிமையை நேரில் கண்டவள் நான். அவை நடக்கட்டும், மாத்திரையும் நடக்கட்டும்.

மருத்துவமும் யோகமும் ஒன்றுக்கொன்று பகை என்ற எண்ணத்துக்கு நம் மரபில் இடமில்லை. பத்தமடையில் பிறந்த சுவாமி சிவானந்தர், மலாயாவில் மருத்துவராகப் பணியாற்றிய பின்னரே துறவு பூண்டார். அவருடைய தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தின் தென்னாப்பிரிக்கக் கிளையைச் சுவாமி சகஜானந்தர் 1949இல் நிறுவியதிலிருந்து இங்கே யோகம் கற்றவர்கள் ஏராளம். அந்த ஆசிரியர் பரம்பரையில் வந்தவர்கள் இவ்வகுப்புகளுக்கு முன்வருவார்கள் என்று எதிர்பார்க்கிறேன்.

கிளினிக் வரிசையில் நம்மோடு நிற்பவர்களில் தமிழ்க் கிறிஸ்தவர்கள் பலர், சுலு மொழி பேசும் அண்டை வீட்டார் பலர். கோயில் மண்டபத்துக்குள் வர அவர்கள் தயங்கினால், அந்தத் தயக்கத்தை மதித்து, பொது மன்றத்திலோ பள்ளிக்கூடத்திலோ, மந்திரமும் விளக்கேற்றலும் இல்லாமல் அதே வகுப்பை நடத்தலாம். மூச்சு எல்லோருக்கும் ஒன்றுதான்.

செய்ய வேண்டியது அதிகமில்லை. குழுவில் ஒருவர் உங்கள் பகுதிக் கிளினிக்கின் மனநலச் சிஸ்டரைச் சந்தித்து, வகுப்புக்கு யாரை அனுப்பலாம், யாரை இப்போதைக்கு அனுப்ப வேண்டாம் என்று அவரே முடிவு செய்யும்படி ஏற்பாடு செய்ய வேண்டும். வகுப்புக்கு வருபவர் பேச்சிலோ தூக்கத்திலோ மாற்றம் தெரிந்தாலும், சாவைப் பற்றிப் பேசினாலும், ஆசிரியர் அன்றைக்கே யாரை அழைப்பது என்று முன்கூட்டியே எழுதி வைத்திருக்க வேண்டும். ஆசிரியர்களுக்குப் பயிற்சி தர, என்னைப் போல ஓய்வுபெற்ற செவிலியர் சிலர் ஊதியமின்றி வரச் சம்மதித்திருக்கிறோம். புரட்டாசி விரதம் முடிந்து நீங்கள் கூடும் முதல் குழுக் கூட்டத்தில் இக்கோரிக்கையை எடுத்துக்கொண்டு, முடிவு எதுவாயினும், உங்கள் அறிவிப்புப் பலகையில் எல்லோரும் காணும்படி வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மனநலச் செவிலி ஒருவர்
சாட்ஸ்வர்த், டர்பன்