கணினிப் பயனர் சங்கம்: 2025-ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர் அனைவருக்கும் வணக்கம். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே முன்வைப்பார். ஆகவே, ஆண்டு முழுவதும் நம் நேரத்தில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்ட ஒரு பணியை மட்டும் இங்கே விரித்துரைக்கிறேன்: விண்டோஸுக்கு மாற்றான இயங்குதளமாகிய லினக்ஸை இதற்கு முன் தொட்டிராத உறுப்பினர்கள் தங்கள் முதல் வழங்கலை, அதாவது நிறுவத் தயாராகக் கட்டித் தரப்படும் லினக்ஸ் தொகுப்பை, தேர்ந்தெடுக்க உதவி, அதை அவர்கள் கையாலேயே நிறுவச் செய்த பணி அது.

இதை நாம் தேடிச் சென்று எடுத்துக்கொள்ளவில்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்தது. விண்டோஸ் 11-ஓ டிபிஎம் 2.0 பாதுகாப்பு வசதியையும், இன்டெல் செயலியாக இருந்தால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியதையும் கேட்கிறது. இதனால், குறையேதும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்த மடிக்கணினிகள் பலவும் திடீரெனப் பழையவை என்று பெயர் வாங்கின. பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மேலும் ஓராண்டு நீட்டித்துக்கொள்ள வழி உண்டு என்பதையும் உறுப்பினர்களிடம் மறைக்காமல் சொன்னோம். அவசரப்பட்டு மாறுகிறவர் அதே அவசரத்தோடு திரும்பியும் போய்விடுவார் என்பது என் கருத்து.

தொடக்கத்தில் நாங்கள் செய்த பிழையை முதலில் பதிவு செய்கிறேன். முதல் அமர்வுகளை வரலாற்று விரிவுரைகளாக நடத்தினோம். 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்டது இயங்குதளத்தின் மையமான கெர்னலை மட்டுமே என்பதையும், அதனோடு டெஸ்க்டாப் சூழல், கோப்பு மேலாளர், நிறுவி, மென்பொருள் களஞ்சியம் ஆகியவற்றைச் சேர்த்துக் கட்டித் தருவதே வழங்கல் என்பதையும், 1993-இல் தொடங்கிய டெபியன் மீது 2004-இல் உபுண்டுவும், உபுண்டுவின் மீது 2006-இல் லினக்ஸ் மின்டும் எழுந்தன என்பதையும் விளக்கினோம். எல்லாம் சரியான செய்திகள்தாம். ஆனால் விரிவுரை முடிந்ததும் முன்வரிசையில் இருந்த மூத்த உறுப்பினர் ஒருவர், "அதெல்லாம் இருக்கட்டும், என் கணினியில் எதைப் போடுவது?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு எங்களில் நால்வர் நான்கு பெயர்களைச் சொன்னோம்.

அதற்குப் பின் முறையை மாற்றினோம். வழங்கலின் பெயரை எடுக்கும் முன், கணினி எத்தனை ஆண்டுப் பழையது, நினைவகம் எவ்வளவு, எந்த மென்பொருள் இல்லாவிட்டால் அன்றாட வேலை நின்றுபோகும் என்பவற்றைக் கேட்டு எழுதிக்கொண்டோம். இவற்றில் கடைசிக் கேள்விதான் மிகவும் உதவியது. உலாவியும் மின்னஞ்சலும் கடிதங்களும் மட்டும் வேண்டுவோருக்கு எந்த வழங்கலும் போதும். ஃபயர்ஃபாக்ஸும் லிப்ரே ஆபீஸும் பெரும்பாலானவற்றில் முன்பே இருக்கின்றன. ஆனால் ஃபோட்டோஷாப்பை நம்பித் தொழில் செய்பவருக்கோ, மேக்ரோக்கள் நிறைந்த எக்செல் கோப்புகளை நாளும் அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டியவருக்கோ லினக்ஸ் மட்டுமே போதும் என்று சொல்வது நேர்மையாகாது. அத்தகையோருக்கு விண்டோஸை அழிக்காமல் அதனருகிலேயே லினக்ஸை நிறுவிக்கொள்ளப் பரிந்துரைத்தோம். சிலரை இப்போதைக்கு மாற வேண்டாம் என்றே திருப்பி அனுப்பினோம். சங்கத்தின் நோக்கத்துக்கு இது முரண் என்று செயற்குழுவில் ஒருவர் வருந்தினார். நான் அவ்வாறு கருதவில்லை.

தொடக்கநிலையினருக்குச் சங்கத்தின் பெயரால் ஒரே வழங்கலைப் பரிந்துரைக்கலாமா என்பது பற்றிச் செயற்குழுவில் நீண்ட விவாதம் நடந்தது. ஆகஸ்டில் டெபியன் 13 வெளியாகியிருந்த உற்சாகத்தில் ஒரு சாரார் அதையே முன்மொழிந்தனர். அதன் உறுதிப்பாட்டை யாரும் மறுக்கவில்லை. ஆனால் அதன் நிறுவி கேட்கும் கேள்விகள் அதிகம். ரூட் எனப்படும் முழு அதிகாரப் பயனருக்குக் கடவுச்சொல் கேட்கும் இடத்தில் புதியவர் எதையாவது இட்டுவிட்டால், அவருடைய சொந்தக் கணக்குக்கு சூடோ உரிமை, அதாவது நிர்வாகப் பணிகளைச் செய்யும் அனுமதி, கிடைப்பதில்லை; பின்னர் முதல் மென்பொருளைச் சேர்க்க முனையும்போதுதான் அது தெரியவருகிறது. ஃபெடோரா என்னும் வழங்கலை விரும்பியவர்களும் இருந்தனர். அது ஏறத்தாழ ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதிய பதிப்பு வெளியிடுகிறது. ஒவ்வொரு பதிப்புக்கும் ஏறக்குறைய பதின்மூன்று மாதங்களே ஆதரவு உண்டு. ஆண்டுக்கு ஒருமுறையேனும் பதிப்பை மாற்ற வேண்டும் என்பது புதியவருக்குச் சுமையாகும் என்று எண்ணினோம். முடிவில் லினக்ஸ் மின்டில் சின்னமன் என்னும் டெஸ்க்டாப் சூழல் கொண்ட பதிப்பைத் தேர்ந்தோம். அதன் மெனுவும் கீழ்ப்பட்டையும் விண்டோஸ் பழகிய கண்ணுக்கு அந்நியமாகத் தோன்றுவதில்லை, 22 என்னும் வரிசைக்கு 2029 வரை ஆதரவு உண்டு, உபுண்டு 24.04-ஐ அடித்தளமாகக் கொண்டிருப்பதால், சிக்கல் வந்தால் உபுண்டு பயனர்களின் விடைகளும் பெரும்பாலும் பொருந்துகின்றன.

இந்தப் பரிந்துரையைச் சட்டமாக்கவில்லை. நினைவகம் குறைந்த கணினிகளில் அதே மின்டின் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை நிறுவினோம். மிகப் புதிய வன்பொருள் கொண்ட ஒரு மடிக்கணினியில் மின்டின் கெர்னல் வைஃபையை அடையாளம் காணாததால் ஃபெடோராவுக்குப் போனோம். அங்கே உடனே வேலை செய்தது. 32 பிட் செயலி கொண்ட பழைய கணினிகளோடு வந்தோரை ஏமாற்றத்துடன் அனுப்ப நேர்ந்தது. மின்டு 19 வரிசையோடு 32 பிட் பதிப்பை நிறுத்திவிட்டது. டெபியனும் 13-ஆம் பதிப்பிலிருந்து அதற்கான நிறுவியைத் தருவதில்லை. தரவரிசைத் தளங்களில் முதலிடத்தில் இருப்பதைத்தான் நிறுவுவேன் என்று பிடிவாதம் பிடித்த இளைஞர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டியிருந்தது. டிஸ்ட்ரோவாட்ச் தளத்தின் வரிசை, அங்குள்ள பக்கங்களை எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதைக் காட்டுகிறதே தவிர, எத்தனை பேர் அந்த வழங்கலைப் பயன்படுத்துகிறார்கள் என்பதைக் காட்டுவதில்லை. பலவற்றையும் பயனரே கைப்பட அமைக்க வேண்டிய ஆர்ச்சே முதல் வழங்கலாக வேண்டும் என்று வந்த மாணவர் ஒருவரை எங்களால் தடுக்க முடியவில்லை. அவர் இப்போது மின்டில் இருக்கிறார். அடுத்த ஆண்டு மீண்டும் ஆர்ச்சுக்குப் போவார் என்று நினைக்கிறேன், அப்போது அது அவருக்குக் கைவரவும் கூடும்.

இனி நிறுவும் நாள்களில் நடந்தவற்றுக்கு வருகிறேன். நம் முகாமிலேயே ஓர் உறுப்பினரின் குடும்பப் புகைப்படங்கள் அழிந்தன. காப்புநகல் எடுத்துவிட்டேன் என்று அவர் சொன்னதை நாங்கள் அப்படியே ஏற்றுக்கொண்டோம். உண்மையில் அவர் வெளி வன்தட்டுக்கு நகலெடுத்தவை கோப்புகளல்ல, அவற்றைச் சுட்டும் குறுக்குவழிகள் மட்டுமே. நிறுவியில் "வட்டு முழுவதையும் அழித்து நிறுவு" என்ற தெரிவை அழுத்தியவர் அவர்தான் என்றாலும், அருகில் நின்று தலையசைத்தவன் நான், பொறுப்பு என்னுடையது. அன்றுமுதல் ஒரு விதியை வைத்திருக்கிறோம்: காப்புநகலை வேறொரு கணினியில் செருகி, அதிலிருந்து ஒரு கோப்பையாவது திறந்து காட்டிய பிறகே வட்டைத் தொட வேண்டும். இந்த விதியால் அமர்வுகள் நீளுகின்றன என்று முறையிடுவோர் உண்டு, நீளட்டும்.

வழங்கலின் நிறுவல் பிம்பமான ஐஎஸ்ஓ கோப்பை இறக்கியபின், கோப்பு பிழையின்றி வந்ததா என்று காட்டும் எஸ்ஹெச்ஏ256 கூட்டெண்ணைச் சரிபார்ப்பதையும் வழக்கமாக்கினோம். பாதியில் நின்று உடைந்த ஒரு பதிவிறக்கத்தை இந்தச் சோதனை ஒருமுறை காட்டிக்கொடுத்தது. இல்லையேல் அது நிறுவலின் நடுவில் காரணம் புரியாத பிழையாக வெளிப்பட்டிருக்கும். ஐஎஸ்ஓ கோப்பை அப்படியே பென் டிரைவுக்குள் இழுத்துப் போட்டுவிட்டு, கணினி அதிலிருந்து கிளம்பவில்லை என்று வந்தோர் பலர். ரூஃபஸ் அல்லது பலீனா எட்சர் போன்ற கருவியைக் கொண்டே அதை எழுத வேண்டும். பல வழங்கல்களை ஒரே டிரைவில் வைத்துக்காட்ட வென்டாய் என்னும் கருவி எங்களுக்கு மிகவும் உதவியது.

பென் டிரைவிலிருந்து நேரடியாக இயக்கிப் பார்க்கும் லைவ் முறையை யாரும் தவிர்க்கக் கூடாது என்பது இந்த ஆண்டின் அனுபவம். வைஃபை இணைகிறதா, ஒலி வருகிறதா, தொடுபலகை ஒழுங்காக இருக்கிறதா, மூடித் திறந்தால் திரை மீள்கிறதா என்பவற்றை வட்டில் ஓர் எழுத்தும் எழுதாமலே இதில் சோதித்துவிடலாம். நிறுவியில் வன்தட்டே தென்படாத கணினிகளும் வந்தன. அவற்றின் பயாஸில், அதாவது கணினி கிளம்பும்போது முதலில் இயங்கும் அடிப்படை மென்பொருளில், வட்டை அணுகும் முறை இன்டெல் ஆர்எஸ்டி என்று இருந்தது; பொதுவான ஏஹெச்சிஐ முறைக்கு மாற்றியதும் வட்டு தெரிந்தது. ஆனால் அதைத் திடுமென மாற்றினால் ஏற்கெனவே உள்ள விண்டோஸ் கிளம்பாமல் போகலாம் என்பதால், முதலில் விண்டோஸைப் பாதுகாப்புப் பயன்முறையில் தொடங்கச் செய்துவிட்டு மாற்றினோம். வட்டைப் பூட்டிவைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் குறியாக்கம் தம் கணினியில் இயங்குவதையே அறியாத உறுப்பினர்களும் இருந்தனர். பயாஸ் அமைப்பை மாற்றியதும் நாற்பத்தெட்டு இலக்க மீட்பு எண் கேட்கப்படும் திரையை அவர்கள் அங்கேதான் முதன்முதலாகக் கண்டனர். ஆகையால் அந்த எண்ணைத் தாளில் எழுதிக்கொண்டு வருமாறு அழைப்பிதழிலேயே சேர்த்திருக்கிறோம்.

இரண்டையும் வைத்துக்கொள்ள விரும்புவோர் விண்டோஸ் இருக்கும் வட்டுப் பிரிவை விண்டோஸுக்குள்ளிருந்தே சுருக்கி, விரைவுத் தொடக்கத்தை அணைத்துவிட்டு வர வேண்டும். அணைக்காவிட்டால் விண்டோஸ் முழுமையாக நின்றிருக்காது. லினக்ஸிலிருந்து அந்தப் பிரிவில் எழுத இயலாது. இரு தளங்களுக்கிடையே மாறும்போது கடிகாரம் சில மணி நேரம் தவறிக் காட்டுவதைக் கண்டு மின்கலம் பழுது என்று எண்ணியவர்கள் உண்டு. விண்டோஸ் வன்பொருள் கடிகாரத்தை உள்ளூர் நேரமாகவும் லினக்ஸ் உலக நேரமாகவும் கொள்வதே காரணம். ஒரு கட்டளையில் சரியாகிவிடும். கையொப்பமிட்ட மென்பொருளை மட்டுமே தொடக்கத்தில் அனுமதிக்கும் செக்யூர் பூட் இயங்கும் கணினிகளில் கூடுதல் இயக்கிகளை (வன்பொருளை இயக்கும் மென்பொருள்களை) சேர்க்கும்போது, நிறுவி ஒரு கடவுச்சொல் கேட்டு, மறுதொடக்கத்தில் நீலத் திரையொன்றைக் காட்டும். நீலத் திரை என்றாலே நம்மவர்களுக்கு ஒரு பழைய அச்சம் உண்டல்லவா; பதறி எண்டர் அழுத்தித் தாண்டிவிடுகிறார்கள், இயக்கியும் இயங்குவதில்லை. அந்தத் திரையில் சாவியைப் பதிவு செய்யும் தெரிவை எடுத்து, முன்பு கொடுத்த அதே கடவுச்சொல்லை இட வேண்டும்.

நிறுவிய பிறகான வேலையை நாங்கள் குறைத்து மதிப்பிட்டோம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். முதல் நாளே புதுப்பிப்புகளை முடித்து, டைம்ஷிஃப்ட் என்னும் கருவியில் இயங்குதளத்தின் அப்போதைய நிலையை ஒரு நிலைப்படமாக எடுத்து வைத்தவர்கள் பின்னர் எதைக் கெடுத்தாலும் மீட்டுக்கொண்டனர். டைம்ஷிஃப்ட் காப்பது இயங்குதளக் கோப்புகளை மட்டுமே, சொந்த ஆவணங்களை அல்ல என்பதைத் தனியே சொல்ல வேண்டியிருந்தது. தமிழ்த் தட்டச்சுக்கு ஐபஸ் என்னும் உள்ளீட்டுக் கருவி வழியாகப் பன்மொழி விசைப்பலகைகளைத் தரும் எம்17என் தொகுப்பைச் சேர்த்து, தமிழ் 99 விசைப்பலகையை அமைத்துக் கொடுத்தோம். அச்சுப்பொறிகள் எதிர்பார்த்ததைவிடக் குறைந்த தொல்லையே தந்தன. பழைய ஸ்கேனர்கள் எதிர்பார்த்ததைவிட அதிகம்.

அடுத்த ஆண்டுக்கென ஒரு தீர்மானத்தைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன். நிறுவும் முகாமுக்கு மறுவாரம் கட்டாயமாக ஒரு மீள்சந்திப்பு நடத்தப்பட வேண்டும் என்பதே அது. உறுப்பினர்களின் கேள்விகள் நிறுவிய அன்று எழுவதில்லை. வீட்டுக்குப் போய் நான்கு நாள் பயன்படுத்திய பின்பே எழுகின்றன. கடைசியாக, லைவ் முறையில் சோதித்துப் பார்க்கச் சங்கத்தின் பென் டிரைவ்களை எடுத்துச் சென்ற உறுப்பினர்கள், அவற்றில் பாடல்களை ஏற்றியிருந்தாலும் பரவாயில்லை, அடுத்த கூட்டத்துக்குள் திருப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இவண்,
செயலாளர்